மாஸ்க்கை யுவி பெட்டியில் எத்தனை நிமிடம் வைப்பது?

கேள்வி: தக்கலைக்குப் பக்கத்தில் 20 படுக்கை உள்ள ஒரு சிறிய மருத்துவமனையில் நர்சிங் பொறுப்பாளராக இருக்கிறேன். கொரோனா நேரத்தில் எங்கள் நிர்வாகி, ஆசாரியை வைத்து ஒரு மரப்பெட்டி செய்து, வீட்டுத் தண்ணீர் ஃபில்டருக்கு வரும் யுவி குழல் இரண்டை உள்ளே மாட்டி, சுற்றிலும் சமையலறை அலுமினியத் தாள் ஒட்டி வைத்திருந்தார். இப்போது என்-95 மாஸ்க் சப்ளை மறுபடி இழுபறியாக இருக்கிறது. நாகர்கோவில் டீலர் இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போகிறார். எங்களுக்குக் காய்ச்சல் வார்டு உண்டு. சளிப் பரிசோதனைக்கு வருகிறவர்களில் காசநோய் உள்ளவர்களும் உண்டு. பெட்டியைத் தூசி தட்டி எடுத்துவிட்டார்கள். "15 நிமிஷம் போதும், வெளிச்சம் நல்லா நீலமா வருது, பின்ன என்ன?" என்கிறார் நிர்வாகி. உண்மையில் எத்தனை நிமிடம் வைக்க வேண்டும்? ஒரு மாஸ்க்கை எத்தனை தடவை இப்படிப் போடலாம்? ஒருவர் போட்டதை இன்னொருவர் போடலாமா? மொட்டை மாடி வெயில் போதாதா? கேரளத்தில் நிபா என்று செய்தி வரும்போதெல்லாம் கலக்கமாக இருக்கிறது. அதற்கும் இந்தப் பெட்டி உதவுமா? (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியை இப்போதைக்கு அணைத்தே வையுங்கள். யுவி ஒளியில் மாஸ்க்கைச் சுத்தம் செய்ய முடியும், அதில் சந்தேகமில்லை. உங்கள் பெட்டி அதைச் செய்கிறதா என்பதைத்தான் அளந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்று, நீங்கள் எழுதியிருக்கும் வேலைகளில் பலவற்றுக்கு இந்தப் பெட்டியே வேண்டியதில்லை.

நிமிடக் கணக்குக்கு வருகிறேன். கிருமியைச் செயலிழக்க வைப்பது மாஸ்க்கின் மேல் விழுந்து சேர்ந்த ஒளியின் மொத்த அளவு. நிமிடம் அதில் பாதிக் கணக்குதான். மாஸ்க்குக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட குறைந்தபட்ச அளவு, அதன் பரப்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 1 ஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு). ஒளியும் 254 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய யுவி-சி ஒளியாக, அதாவது புற ஊதாக் கதிரில் கிருமியை அழிக்கும் வகையாக, இருக்க வேண்டும். மாஸ்க் இருக்கும் இடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிவாட் ஒளி விழுந்தால் 1000 வினாடி, அதாவது 17 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அரை மில்லிவாட் என்றால் 33 நிமிடம். பெட்டியின் மூலையில் அது 0.1 மில்லிவாட்டாக இருந்தால் இரண்டே முக்கால் மணி நேரம். இது ஒரு பக்கத்துக்கு மட்டும். உள்பக்கத்துக்கும் ஒளி நேராக விழாவிட்டால் திருப்பி வைத்து இன்னொரு முறை இதே நேரம்.

நிர்வாகி சொல்லும் 15 நிமிடம் சரியாக வர வேண்டுமானால், பெட்டிக்குள் ஒவ்வொரு மாஸ்க்கின் ஒவ்வொரு இடத்திலும் 1.1 மில்லிவாட் விழ வேண்டும். குழலுக்கு நேர் கீழே ஒருவேளை அது இருக்கலாம். பக்கவாட்டில் இருக்காது. மாஸ்க் தட்டையான பொருளும் அல்ல. கிண்ணம் போன்ற அதன் சரிவில் ஒளி சாய்ந்து விழுகிறது. 60 டிகிரி சாய்ந்தால் அந்த இடத்துக்குக் கிடைப்பது பாதிதான். மூக்குக் கம்பிக்கு அடியில் இருக்கும் பஞ்சுப் பட்டை, மடிப்புகள், நாடி வரும் குழிவு இங்கெல்லாம் நிழல். நெத்திலியைக் கடற்கரையில் காயப்போடுகிறவர்கள் புரட்டிப் போடாமல் விட்டால் அடிப்பக்கம் என்ன ஆகுமோ, நிழலில் கிடக்கும் பக்கத்துக்கு இங்கேயும் அதே கதைதான்.

அப்புறம் அந்த நீல வெளிச்சம். யுவி-சி கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் பார்க்கும் நீலம், பாதரசக் குழல் கூடவே விடும் வேறு வெளிச்சம். குழல் பழசாகி யுவி-சி குறைந்த பிறகும் அந்த நீலம் பளிச்சென்றுதான் இருக்கும். தண்ணீர் ஃபில்டர்காரர்கள் எரிந்துகொண்டிருக்கிற குழலையே வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். வியாபாரத் தந்திரம் என்று நாம் அவர்களைச் சந்தேகப்படுவோம், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. உங்கள் குழல்கள் எத்தனை மணி நேரம் ஓடியவை, இத்தனை வருடம் கிடந்ததில் மேலே எவ்வளவு தூசியும் விரல் எண்ணெயும் படிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மின்னழுத்தம் இறங்கினாலும் ஒளி இறங்கும். சுவிட்ச் போட்டதும் முழு ஒளி வந்துவிடுவதும் இல்லை, குழல் சூடாகச் சில நிமிடம் பிடிக்கும்.

அலுமினியத் தாள் ஒட்டியது மட்டும் நல்ல யோசனை. அலுமினியம் யுவி-சியை நன்றாகத் திருப்பி அனுப்பும். அந்த இடத்தில் பளபளப்பான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டிருந்தால் கண்ணுக்கு அழகாக இருக்கும், வேலைக்கு ஆகாது. பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். வெள்ளை பெயிண்ட் அதைவிட மோசம்.

அளக்க வேண்டும் என்றால் 254 நானோமீட்டருக்கான உணரி உள்ள யுவி-சி மீட்டர் வேண்டும். பக்கத்துக் கல்லூரிகளின் இயற்பியல் ஆய்வகத்தில் கேட்டுப் பாருங்கள். வெயிலை அளக்கும் யுவி மீட்டரைத் தந்தால் வாங்கி வராதீர்கள், அது வேறு அலைநீளத்துக்கானது. நிறம் மாறும் அட்டைகளும் கடையில் உண்டு. அவற்றில் பல, 1 ஜூலுக்கு வெகு முன்பே முழுசாக நிறம் மாறிவிடும். அட்டை மாறிவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

"அமெரிக்காவிலேயே செய்தார்கள்" என்று உங்கள் நிர்வாகி அடுத்துச் சொல்வார். செய்தார்கள். 2020-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஓர் அறையையே இதற்கு ஒதுக்கினார்கள். துணிக்கொடி மாதிரி குறுக்கே கம்பிகள் கட்டி மாஸ்க்குகளைத் தொங்கவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஆள் உயர யுவி கோபுரங்கள். ஒளியின் அளவைச் சொல்ல அறைக்குள் மீட்டர். ஒவ்வொரு மாஸ்க்கிலும் அதைப் போட்டவரின் அடையாளம், சுத்தமானதும் அதே ஆளிடம் திரும்பிப் போகும். இத்தனையும் புது மாஸ்க் கிடைக்கவே கிடைக்காத வாரங்களில். சப்ளை சீரானதும், மாஸ்க் சுத்திகரிக்கும் கருவிகளுக்குத் தந்திருந்த அவசர அனுமதிகளை அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021 ஜூன் 30 அன்று திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று செய்த வேலையை வழக்கமாக்க அங்கேயே யாரும் துணியவில்லை.

இதற்கு முன்பே, 2018-இல், 15 வகை என்-95 மாஸ்க்குகளில் இன்ஃப்ளூயன்சா வைரஸைத் தடவி, அதன் மேல் செயற்கை உமிழ்நீரோ தோல் எண்ணெய்ப் பசையோ பூசி, 1 ஜூல் அளவுக்கு யுவி-சி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. வைரஸ் ஆயிரத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது மாஸ்க் முகப்பில் 15-க்கு 12 வகைகளில். தலையில் மாட்டும் பட்டையில் 15-க்கு 7 வகைகளில் மட்டும். பாதிக்கு மேல் பட்டைகள் தேறவில்லை. நாம் கையால் பிடித்து மாட்டுவதும் கழற்றுவதும் அந்தப் பட்டையைத்தான். அது முறுக்கிக்கொள்ளும், தனக்குத்தானே நிழல் போட்டுக்கொள்ளும். நம் ஊரில் தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயும் முகத்துப் பவுடரும் அதில் ஏறியிருக்கும். எண்ணெய்ப் படலத்தைத் தாண்டி இந்த ஒளி ஒழுங்காகப் போகாது. ஆய்வகத்தில் கவனமாக அளந்து செய்த வேலையின் நிலைமையே இது.

சரி, இத்தனை சிக்கல் இருந்தும் ஏன் எல்லாரும் யுவியைத் தேடிப் போனார்கள்? மாஸ்க்கின் நடு அடுக்குதான் காரணம். அது பாலிபுரொப்பிலீனை உருக்கி ஊதிச் செய்த மெல்லிய இழை. அதில் நிலைமின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். துகள்களில் பெரும்பங்கை இழுத்துப் பிடிப்பது அந்த மின்னூட்டம்தான். என்-95-இல் உள்ள 95 என்பது 0.3 மைக்ரான் அளவுத் துகளில் நூற்றுக்கு 95-ஐயாவது பிடிக்கும் என்ற கணக்கு. ஸ்பிரிட் தெளித்தாலும் சோப்புத் தண்ணீரில் அலசினாலும் அந்த மின்னூட்டம் போய்விடும். பார்த்தால் மாஸ்க் புதுசு மாதிரியே இருக்கும், தடுக்கும் சக்தி மட்டும் இருக்காது. உங்கள் ஆட்களில் யாராவது சானிடைசரை மாஸ்க் மேல் அடிக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். எங்கு போனாலும் இதை ஒருவராவது செய்துகொண்டிருப்பார். ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வைத்தால் கிண்ண வடிவ மாஸ்க்குகள் பல உருமாறி முகத்தில் பொருந்தாமல் போகும். யுவி-சி மட்டும் 1 ஜூல் அளவில் மின்னூட்டத்தைத் தொடுவதில்லை. நூற்றுக்கணக்கான ஜூல் ஏறிய பிறகுதான் இழையின் உறுதி குறையத் தொடங்கும்.

இந்த மின்னூட்ட முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் தைவானில் பிறந்த பீட்டர் சாய். 2020-இல் பணி ஓய்வை விட்டுவிட்டு மறுபடி ஆய்வகத்துக்கு வந்தார். அவர் சொன்ன யோசனைகளில் ஒன்றுக்கு எந்தக் கருவியும் வேண்டாம்: மாஸ்க்குகளுக்கு எண் போட்டு, காயவிட்டு, சுற்றில் மாற்றி மாற்றிப் போடுவது. உங்களுக்கும் நான் சொல்லப்போவது அதைத்தான்.

அதற்கு முன் நோயைப் பிரித்துப் பாருங்கள்.

காசநோய் காற்று வழியாக நுரையீரலுக்குள் போய்த் தொற்றுவது. மாஸ்க்கின் வெளிப்பக்கத்தைத் தொட்டதால் காசநோய் வராது. அதனால் சளிப் பரிசோதனைப் பக்கம் இருப்பவர், மாஸ்க் காய்ந்து, கிழியாமல், பட்டை தளராமல் இருக்கும் வரை தன்னுடையதைத் தானே திரும்பப் போடலாம். காசநோய் வார்டுகளில் கொரோனாவுக்குப் பல வருடம் முன்பிருந்தே உள்ள வழக்கம் இது. இதற்கு யுவி எதற்கு? பெயர் எழுதிய பேப்பர் கவர் போதும். நோயாளிக்குச் சாதாரண சர்ஜிகல் மாஸ்க் கொடுத்து, ஜன்னல் திறந்திருக்கும் இடத்தில் உட்கார வையுங்கள். சளி எடுப்பதைக் கூரைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாவட்டத்தில் கடல் காற்றுக்குப் பஞ்சமில்லை.

இன்ஃப்ளூயன்சா, கொரோனா போன்ற காய்ச்சல்களுக்குத்தான் சுற்று முறை. ஒரு ஆளுக்கு 5 மாஸ்க். ஓரத்தில் பெயரும் 1 முதல் 5 வரை எண்ணும். இன்று 1, நாளை 2. கழற்றியது காற்று புகும் பேப்பர் கவருக்குள் போய் 5 நாள் இருக்கும். ஆறாவது நாள் மறுபடி 1. அந்த இடைவெளியில் வைரஸ் தானாகவே செயலிழந்துவிடும். பாலித்தீன் கவர் கூடவே கூடாது, உள்ளே மூச்சின் ஈரம் அடைந்துகிடக்கும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை நேரத்தில் கவர்களை ஸ்டீல் அலமாரிக்குள் பூட்டாதீர்கள், ஃபேன் காற்று படும் இடத்தில் கம்பி கட்டித் தொங்கவிடுங்கள். திரும்ப எடுக்கும்போது தொட்டால் ஈரமாகவோ முகர்ந்தால் பூஞ்சை வாடையாகவோ இருந்தால் யோசிக்காமல் தூக்கி எறிந்துவிடுங்கள். மாட்டும் முன்னும் மாட்டிய பின்னும் கை கழுவ வேண்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எத்தனை தடவை என்று கேட்டிருந்தீர்கள். கம்பெனி தானாக ஒரு எண்ணிக்கை சொல்லியிருந்தால் அது. சொல்லாவிட்டால் ஐந்து தடவை போட்டுக் கழற்றியதோடு நிறுத்துங்கள். அதற்குமேல் பட்டை தளர்ந்து, ஓரத்தில் இடைவெளி விழும். வடிகட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கன்னத்தோரம் காற்று புகுந்தால் பயனில்லை. இந்த ஐந்து தடவைக் கணக்கு, யுவி போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான், ஒளி பட்டையை இறுக்கித் தராது. ஒவ்வொரு தடவையும் போட்டதும் இரண்டு கையாலும் முகப்பை மூடி, பலமாக மூச்சை விடச் சொல்லுங்கள். கண்ணுக்குக் கீழோ கன்னத்திலோ காற்று சில்லென்று பட்டால் சரியாகப் பொருந்தவில்லை. மூச்சை இழுக்கும்போது மாஸ்க் லேசாக முகத்தோடு ஒட்ட வேண்டும்.

இந்தக் கணக்கை நிர்வாகியிடம் இப்படிச் சொல்லுங்கள்: எட்டுப் பேருக்கு 40 மாஸ்க், ஒவ்வொன்றும் ஐந்து தடவை என்றால் 200 ஷிஃப்ட். ஒரு ஆளுக்கு 25 நாள் ஓடும். டீலர் தள்ளிப்போடும் நாட்களைத் தாண்ட இது போதும். எல்லாருக்கும் என்-95 தேவையா என்பதையும் பாருங்கள். பில் போடும் இடத்திலும் மருந்துக் கவுன்டரிலும் இருப்பவர்களுக்குச் சர்ஜிகல் மாஸ்க் போதும் என்றால் என்-95 வார்டுக்கு மிஞ்சும்.

ஒருவர் போட்டதை இன்னொருவருக்கு? கூடாது. யுவி செய்தாலும் கூடாது. இந்த அளவு ஒளி கிருமியைக் குறைக்குமே ஒழிய முழுவதும் நீக்காது. ஸ்போர் வடிவில், அதாவது உறை போட்டு உறங்கும் நிலையில், இருக்கும் பாக்டீரியாக்கள் இன்னும் கெட்டி. தவிர, ஒருவர் முகத்துக்குப் படிந்த மாஸ்க் இன்னொருவர் முகத்தில் சரியாக உட்காராது.

மொட்டை மாடி வெயிலைப் பற்றி இரண்டு வரி. சூரியனின் யுவி-சி பூமிக்கு வந்து சேருவதே இல்லை, ஓசோன் படலத்திலேயே நின்றுவிடுகிறது. நம் தலைக்கு வந்து சேரும் வெயிலால் மாஸ்க் காயும், மேற்பரப்பில் கொஞ்சம் வேலையும் நடக்கும், ஆனால் அளவு சொல்ல முடியாது, பட்டை ரப்பரும் வெளுத்துப்போகும். நிழலில் காயவிடுங்கள்.

நிபா விஷயத்தில் எந்தச் சமரசமும் வேண்டாம். அது நோயாளியின் உமிழ்நீர், ரத்தம் போன்ற உடல் திரவங்கள் மூலம் பக்கத்திலிருந்து கவனிப்பவர்களுக்குப் பரவும். 2018-இல் கோழிக்கோட்டில் ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே பரவியது, ஒரு நர்ஸும் உயிரிழந்தார். சந்தேகத்துக்குரிய ஒருவர் வந்தால் போட்டிருந்த மாஸ்க்கை அன்றோடு, எரிப்பதற்குப் போகும் மஞ்சள் பையில் போடுங்கள். சுற்று முறை, யுவி எதுவும் அதற்குப் பொருந்தாது. இதற்கென்று பிரிக்காத புது மாஸ்க் ஒரு பெட்டி, முகக் கவசம், முழு கவுன் சில, தனியாகப் பூட்டி வையுங்கள், டீலர் என்ன சொன்னாலும் அதில் கை வைக்காதீர்கள். நோயாளியைத் தனி அறையில் வைத்துவிட்டு மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், 104-க்கும் கூப்பிடலாம். அவர்கள் சொல்லும் முன் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நீங்களாக வண்டி ஏற்றிவிட வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்களிடம் இருப்பது உண்மையான என்-95 தானா? காதில் மாட்டும் வளையத்தோடு மெலிதாக வந்து, மேலே என்-95 என்று அச்சடித்த சரக்கு சந்தையில் நிறைய. கவரில் ஐ.எஸ். 9473 முத்திரையோடு எஃப்.எஃப்.பி.2 என்றோ, அமெரிக்க அனுமதி என்றால் டி.சி.-84ஏ என்று தொடங்கும் எண்ணோ இருக்க வேண்டும். தலைக்குப் பின்னால் போகும் இரண்டு பட்டை உள்ளதையே கேளுங்கள். வால்வு வைத்தது வேண்டாம். போட்டிருப்பவர் விடும் மூச்சு அதன் வழியே வடிகட்டாமல் வெளியே வரும் என்று மத்திய சுகாதாரத் துறையே 2020 ஜூலையில் மாநிலங்களுக்கு எழுதியது.

பெட்டியை யாராவது ஆசைக்காவது போட்டுப் பார்ப்பார்கள் என்பதால் கடைசியாக இதையும் சொல்லிவிடுகிறேன். எரியும் குழலைத் திறந்த கதவு வழியாக ஒரு நிமிடம் பார்த்தால் போதும். அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில், கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரியும். குளச்சல் பக்கம் படகுக்கு வெல்டிங் செய்கிறவர்களைக் கேளுங்கள், அவர்களுக்கு இந்த வலி பழக்கம். கண்ணுக்கும் தோலுக்கும் 8 மணி நேரத்துக்கு வைத்திருந்த பாதுகாப்பு வரம்பு சதுர சென்டிமீட்டருக்கு 6 மில்லிஜூல். மாஸ்க்குக்கு வேண்டியது 1000. உங்கள் பெட்டியில் கதவைத் திறந்தால் தானாக அணையும் சுவிட்ச் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் குழல்களைக் கழற்றிவிடுங்கள். அவற்றில் பாதரசம் இருக்கிறது, அதனால் எரிப்பதற்குப் போகும் மஞ்சள் பையில் போடக்கூடாது. உடையாமல் அட்டையில் சுற்றி, உடைந்த தெர்மாமீட்டர் பாதரசத்தை நீங்கள் எந்த வழியில் அனுப்புகிறீர்களோ அதே வழியில் அனுப்புங்கள்.